பம்பு சுடுகிறது, போத்தல் குளிர்கிறது: கணிதப் பிரிவு குறித்து ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் சைக்கிள் பம்பையும் சோடாப் போத்தலையும் வைத்து மகன் ஏவிய ரொக்கட் அடுத்த வீட்டுத் தகரக் கூரையில் விழுந்ததையும், எதற்கு இந்த வேலை என்று கேட்டபோது "துவக்குக்குள்ளயும் இதுதாம்மா நடக்குது" என்று அவன் சொன்ன பதிலால் நீங்கள் அன்றிரவு தூங்காததையும் எழுதியிருக்கிறீர்கள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ சித்தி பெற்ற பிள்ளையைக் கணிதப் பிரிவில் விடுவதா, உறவினர் சொல்வதுபோல் வர்த்தகத்தில் சேர்ப்பதா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. தண்ணீர் கொட்டி முடிகிற நேரத்தில் போத்தலுக்குள் வெள்ளையாகப் புகை தெரிகிறதே, நெருப்பே இல்லாமல் புகை எப்படி வரும் என்று அவன் நச்சரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது புகையன்று. காற்றை அமுக்கும்போது நாம் செய்யும் வேலை அந்தக் காற்றைச் சூடாக்குகிறது. பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் கை சுடுவது அதனால்தான். அதே காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும்போது, அந்த வேலைக்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பதால் சட்டென்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக ஒடுங்கி வெள்ளையாகத் தெரிகிறது. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று, உயரத்தில் அமுக்கம் குறைவதால் விரிந்து குளிர்ந்து, தேயிலை மலையை மூடும் மூட்டமாவதும் இதே காரணத்தால்தான். நீங்கள் தினமும் கொழுந்து பறிக்கும் மலையிலேயே நடப்பதை உங்கள் பிள்ளை ஒரு போத்தலுக்குள் கண்டிருக்கிறான்.

துவக்கைப் பற்றி அவன் சொன்னது பாதி சரி. வெடிமருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு குண்டைக் குழல் நெடுகத் தள்ளுகிறது. குண்டு நகர நகர வாயுவின் கனவளவு கூடி அமுக்கம் விழுகிறது. இழந்த வெப்பத்தின் ஒரு பங்கு குண்டின் இயக்கசக்தியாகிறது. 10 கிராம் குண்டொன்று அரை மீற்றர்க் குழலிலிருந்து செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் வெளியேறினால் அதன் இயக்கசக்தி 800 யூல். அதைக் குழலின் நீளத்தால் வகுத்தால் சராசரி விசை 1,600 நியூற்றன். குழலின் உள்விட்டம் 9 மில்லிமீற்றரானால் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 250 வளிமண்டலம். இதற்கு உயர்தரப் பௌதிகவியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. 1742 இல் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர், வாயுவின் கனவளவு கூடக் கூட அமுக்கம் குறையும் என்ற போயிலின் விதியைக் கொண்டு இத்தகைய கணக்கைப் போட்டு, குண்டை ஓர் ஊசலில் மோதவிட்டு அதன் வேகத்தை அளந்து சரிபார்த்தார். அந்த நூலை மூன்று ஆண்டுகளில் ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்து விரித்தெழுதியவர், கணித மேதையான ஒயிலர்.

மீதிப் பாதியை அவனிடமே கேளுங்கள்: துவக்கில் வாயு தள்ளும் பொருள்தான் பறக்கிறது, போத்தலில் வாயு தள்ளும் தண்ணீர் கீழே போகப் போத்தல் மேலே பறக்கிறது, அப்படியானால் துவக்கின் எந்தப் பகுதி போத்தலுக்கு ஒப்பானது? தோளில் இடிக்கும் துவக்குத்தான் என்று அவனாகவே சொல்லி, உந்தக் காப்பைக் கொண்டு, அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தம் குண்டுக்கும் துவக்குக்கும் சமம் என்று கொண்டு, 4 கிலோகிராம் துவக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்தில் பின்வாங்கும் என்று கொப்பியில் போட்டுக் காட்டினால், கணிதப் பிரிவு குறித்து எனக்கு மறுபேச்சில்லை. போத்தலை ஏவுவதில் மட்டும் ஆசை, கணக்கென்றால் எழுந்து போகிறான் என்றால், 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவையும் யோசிக்கலாம். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

இந்தப் படிப்பு ஆயுதத்தில் முடியுமென்று அஞ்ச வேண்டாம். பஸ்ஸின் டீசல் இயந்திரத்தில் ஆடும் ஆடுதண்டு (பிஸ்டன்), வெளியே போகாமல் திரும்பி வரும் குண்டு என்றே சொல்லலாம். பேராதனையிலும் மொரட்டுவையிலும் இயந்திரப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் வெப்ப இயக்கவியலின் அடிப்படை இதுவே. துவக்கையே ஆராய விரும்பினாலும், குற்றச் சம்பவங்களில் கிடைக்கும் துவக்குகளையும் ரவைகளையும் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் விஞ்ஞானப் பட்டதாரிகளே பணியாற்றுகிறார்கள்.

எனக்குள்ள கவலை வேறு. மலையகத்தில் தமிழ்மொழியில் கணிதப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. 1 ஏபி வகைப் பாடசாலையில்தான் அது உண்டு. பெயர்ப்பலகையை நம்பிவிடாதீர்கள். நான் படித்த பாடசாலையில் இணைந்த கணித ஆசிரியர் இடையில் இடமாற்றம் பெற்றுப் போக, எஞ்சிய பாடத்தை நாங்களே பழைய வினாத்தாள்களைப் பார்த்து ஒப்பேற்றினோம். அதன் விலையைப் பெறுபேற்றில் கண்டோம். ஆகவே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றுக்கும் இன்று ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரிலேயே கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது; நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. அந்த வாசல் திறந்திருந்தாலும் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால், உயர்தரம் முடியும்வரை காத்திராமல் இப்போதே ஆங்கிலத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெடிமருந்து, தீக்குச்சித் தலை, காபைட் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. எரியும் மருந்தின் அமுக்கம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எகிறும், அதைக் கையால் நிறுத்த முடியாது. பம்பும் தண்ணீரும் போதும், அதுவும் கீறல் விழாத பிளாஸ்டிக் சோடாப் போத்தலில், ஆளில்லாத வெளியில், எட்ட நின்று. கூரைக்காரரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை அவனை அழைத்து வாருங்கள். பெறுபேற்றுத் தாளைவிட, போத்தலில் எவ்வளவு தண்ணீர் விட்டபோது எவ்வளவு உயரம் போனதென்று அவன் குறித்து வைத்த கொப்பி இருந்தால் அதை முதலில் பார்க்க விரும்புகிறேன்.