ஹைப்ரிட் கேமராவில் வீடியோ: கையில் இருப்பதில் எது முடியும், நிறுவனத்திடம் எதைக் கேட்க வேண்டும்? கேள்வி-பதில்

ஸ்டில், வீடியோ இரண்டுக்கும் ஒரே கேமராவை வைத்து வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கையில் உள்ள கேமராவிலேயே சரிசெய்யக்கூடியதை முதலில் சொல்லி, நிறுவனம் செய்து தர வேண்டியதை அடுத்துச் சொல்லியிருக்கிறோம். அந்த இரண்டாவது வகையில் பல, ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டில் முடிகிற வேலைகள். 8கே வேண்டும் என்று யாருமே எழுதவில்லை என்பதையும் நிறுவனங்கள் கவனிக்கலாம்.

கேள்வி: எஸ்-லாக் 3-ல் (சோனியின் லாக் புரொஃபைல்; எடிட்டில் நிறம் சேர்ப்பதற்காக வெளுப்பாகப் பதியும் முறை) எடுத்தால் நிழல் பகுதி முழுக்க நாய்ஸ் (புள்ளி புள்ளியான கறை). மீட்டர் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: மீட்டரை மட்டும் நம்பியதில். கேமரா மீட்டர் ஃபிரேம் முழுவதையும் சராசரி பார்க்கிறது. பின்னால் ஒரு ஜன்னலோ வானமோ இருந்தால் சராசரி ஏறிவிடும். நீங்கள் எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள். முகம் நிழலுக்குள் போய்விடும். சாதாரண புரொஃபைலில் இது திரையிலேயே தெரிந்துவிடும். லாக் படம் எப்போதும் வெளுத்துப்போய்த் தெரிவதால் கண் ஏமாந்துவிடுகிறது.

18 சதவீத கிரே கார்டு ஒன்றை முகம் இருக்கும் இடத்தில், அதே வெளிச்சத்தில் பிடியுங்கள். எஸ்-லாக் 3-ல் அதன் பிரகாச அளவு 41 சதவீதத்தில் விழ வேண்டும். பானாசோனிக் வி-லாக்கில் 42, கேனான் சி-லாக் 3-ல் ஏறத்தாழ 34. இதுதான் அடித்தளம். இதற்கு மேல் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி எடுத்து, எடிட்டில் இறக்கினால் நிழல் சுத்தமாகிவிடும். கூட்டும்போது ஹைலைட் வெடிக்கிறதா என்று பார்க்க ஜீப்ராவில் (மிகப் பிரகாசமான இடங்களில் கோடு போட்டுக் காட்டும் வசதி) கீழ் எல்லையை 94 என்று வையுங்கள். எஸ்-லாக் 3-ல் சென்சார் நிரம்புவது ஏறத்தாழ அந்த இடத்தில்தான். கோடுகள் பல்பிலோ, உலோகத்தின் மினுமினுப்பிலோ மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. நெற்றியில் தெரிந்தால் இறக்குங்கள்.

எடிட்டில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்போஷரை இறக்கும் வேலை லட்டுக்கு (LUT: லாக் படத்தைச் சாதாரண நிறத்துக்கு மாற்றும் அட்டவணை) முன்னால் நடக்க வேண்டும். லட்டைப் போட்டபின் இறக்கினால், லட் ஏற்கெனவே வெட்டிவிட்ட ஹைலைட் திரும்ப வராது. வெள்ளை சாம்பலாக மாறும், அவ்வளவுதான்.

அடுத்து ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன். சோனி ஏ7எஸ் 3-ல் எஸ்-லாக் 3-க்கு இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓக்கள் (சென்சார் சுத்தமாக வேலை செய்யும் படிகள்): 640, 12800. பானாசோனிக் எஸ்5 2-ல் வி-லாக்குக்கு 640, 4000. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோசமான தேர்வு. ஏ7எஸ் 3-ல் 6400-ஐவிட 12800-ல் நாய்ஸ் குறைவு. வெளிச்சம் போதவில்லையா, நேராக மேல் படிக்குப் போங்கள்.

8 பிட் மட்டுமே தரும் பழைய கேமராவில் லாக்கைத் தவிர்ப்பது நல்லது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதை லாக்கில் நெருக்கி, பிறகு எடிட்டில் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாக விழும். 10 பிட்டில் 1024 படிகள் என்பதால் அந்த இழுப்பைத் தாங்கும்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது: வேவ்ஃபார்மும் ஃபால்ஸ் கலரும் (வெளிச்ச அளவை வரைபடமாகவும் நிறங்களாகவும் திரையில் காட்டும் கருவிகள்) எல்லா ஹைப்ரிட் கேமராவிலும் வேண்டும். பானாசோனிக் பல மாடல்களில் வேவ்ஃபார்மைத் தருகிறது. 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2-க்கு, 2009-லேயே மேஜிக் லேன்டர்ன் என்ற வெளி ஆட்களின் ஃபர்ம்வேர் ஜீப்ராவையும் ஆடியோ மீட்டரையும் கொண்டு வந்துவிட்டது. அந்தக் காலத்து புராசஸரில் முடிந்த வகை வேலை இன்றைய புராசஸரில் முடியாது என்பதை ஏற்க முடியாது. விலை உயர்ந்த சினிமா வரிசையைக் காப்பாற்றவே இதை விட்டுவைக்கிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: 29 நிமிடம் 59 நொடியில் பதிவு ஏன் நிற்கிறது?

பதில்: வரிதான் காரணம். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ ரெக்கார்டர் என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கம் வாங்கியது. அதைத் தவிர்க்க ஒரு நொடி முன்னால் நிறுத்தினார்கள். 2019-ல் அந்தச் சுங்கம் போய்விட்டது. பின்னர் வந்த பல கேமராக்களில் எல்லையும் இல்லை. இன்னும் வைத்திருப்பவர்கள் சூட்டைக் காரணம் காட்டலாம், வரியைக் காட்ட முடியாது. உங்களிடம் இருப்பது பழைய கேமரா என்றால் 28-வது நிமிடத்தில் ஓர் இடைவெளி பார்த்து நீங்களே நிறுத்தி உடனே தொடங்குங்கள். முக்கியமான பேச்சின் நடுவில் அதுவாக நிற்பதைவிட அது மேல்.

கேள்வி: வெயிலில் 4கே எடுத்தால் 20 நிமிடத்தில் ஹீட் ஆகி அணைந்துவிடுகிறது. ஃபேன் வைத்து ஊதினாலும் பெரிய பலன் இல்லை.

பதில்: வெளியிலிருந்து ஊதுவது பாடியின் தோலைத்தான் குளிர்விக்கும். சூடு பிறப்பது சென்சாரிலும் புராசஸரிலும் கார்டிலும். உடல் நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமராவில் சென்சார் அந்தரத்தில் மிதக்கிறது. பாடியின் உலோகத்தை அது நேராகத் தொடுவதில்லை. அதனால் சூடு வெளியேற வழி குறுகல். தண்ணீர், தூசி புகாத சீல் வேறு. கேனான் ஆர்5 2020-ல் வந்தபோது 8கே 20 நிமிடம்தான் என்று கேனானே அறிவித்தது; 2022-ல் ஃபேனோடு ஆர்5 சி வந்தது. பானாசோனிக் எஸ்1ஹெச் 2019-லேயே பாடிக்கும் திரைக்கும் நடுவில் ஃபேனை வைத்து, சீலையும் காப்பாற்றிக் காட்டிவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியவை. சோனி என்றால் மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்பதை ஸ்டாண்டர்டிலிருந்து ஹைக்கு மாற்றுங்கள். பல அணைப்புகள் இதிலேயே நின்றுவிடும். பாடி கை தாங்காத அளவுக்குச் சுடலாம் என்பதால் டிரைபாடில் வைத்து எடுங்கள். திரையைப் பாடியிலிருந்து விரித்து வையுங்கள். டேக்குகளுக்கு நடுவில் கேமராவை அணையுங்கள், ஏனென்றால் ஸ்டாண்ட்பையிலும் சென்சார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. யுஎஸ்பி வழியாகப் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே எடுப்பது உள்ளே இன்னொரு அடுப்பை வைப்பது மாதிரி. டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் செருகி வெளியிலிருந்து மின்சாரம் தரும் இணைப்பு) நல்லது. நொடிக்கு 50 ஃபிரேம் தேவையில்லாத இடத்தில் 25-க்கு இறங்குங்கள். கேமரா மேல் ஒரு வெள்ளைக் குடை பிடித்தாலே வேறுபாடு தெரியும்.

நிறுவனம் தர வேண்டியது நேர்மையான ஓர் அட்டவணை: எந்த மோட், எத்தனை டிகிரி சூழலில், எத்தனை நிமிடம், ஆறிய பின் மறுபடி எத்தனை நிமிடம். திரையில் சிவப்பு வெப்பமானிக் குறி வரும்போது மீதி எவ்வளவு நேரம் என்பதும் வர வேண்டும். குறி மட்டும் வந்தால் அடுத்த டேக் முடியுமா என்று எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: டியூப் லைட் வெளிச்சத்தில் ஸ்லோ மோஷன் எடுத்தால் படம் துடிக்கிறது.

பதில்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50, 1/100 என்றால் முழுத் துடிப்பையும் உள்வாங்கும். வேறு வேகங்களில் துடிப்பு தெரியும். நொடிக்கு 120 ஃபிரேமில் 1/100 வைக்கவே இடமில்லை. எனவே கேமராவை பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) முறைக்கு மாற்றி, 100 ஃபிரேம், 1/100 ஷட்டர் வையுங்கள். ஷட்டர் ஆங்கிள் இருந்தால் 360 டிகிரி. 180-லேயே விட்டால் 1/200 ஆகி மறுபடி துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 ஃபிரேம், 1/120. சில எல்இடிக்கள் வேறு வேகத்தில் துடிக்கும். அதற்கு சின்க்ரோ ஸ்கேன், வேரியபிள் ஷட்டர் என்ற பெயர்களில் உள்ள நுண்ணிய அளவைத் தேடுங்கள். பால், என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்ற சுவரை எடுத்துவிட்டு 24 முதல் 120 வரை எல்லா வேகத்தையும் ஒரே பட்டியலில் தருவது நிறுவனங்களுக்குப் பெரிய காரியம் இல்லை.

கேள்வி: என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) கேமராவுக்குள்ளேயே ஏன் வைப்பதில்லை?

பதில்: இடம் இல்லை. மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே மிரர்லெஸ்ஸில் 20 மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் மெக்கானிக்கல் ஷட்டரும், அசைகிற சென்சாரும். சோனி எஃப்எக்ஸ்6-ல் எலக்ட்ரானிக் என்டி இருக்கிறது, பாடியில் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை. மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்ட நிக்கான் இசட்9 போன்ற பாடிகளில் இதற்கு இடம் பிறக்கலாம்; கேட்க வேண்டியது அங்கேதான்.

அதுவரை சரியான அளவில் வாங்குங்கள். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 640, 1/50, எஃப் 2.8 வேண்டும் என்றால் ஏறத்தாழ 9 ஸ்டாப் குறைக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டி பாதி வழியில் நின்றுவிடும். 6 முதல் 9 வரை உள்ளதை வாங்குங்கள். வைடு லென்ஸில் அதன் உச்ச அளவுக்குத் திருப்பினால் ஃபிரேமில் பெருக்கல் குறி மாதிரி நிழல் விழும்.

கேள்வி: நல்ல மைக் மாட்டியும் பின்னணியில் உஸ் என்ற சத்தம். 32 பிட் ஃப்ளோட் (சத்தம் கூடினாலும் உடையாமல் ஒலியைப் பதியும் முறை) கேமரா வாங்கினால் தீருமா?

பதில்: உங்கள் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. அந்தச் சத்தம் பெரும்பாலும் கேமராவின் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) போடுவது. ஆட்டோ லெவலை அணையுங்கள். கேமராவின் ஆடியோ லெவலை மிகக் கீழ்ப் படிகளுக்கு, 2 அல்லது 3-க்கு இறக்கி, மைக்கின் அல்லது வயர்லெஸ் ரிசீவரின் அவுட்புட்டைக் கூட்டுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். மிக்ஸரிலிருந்து வயர் எடுத்தால் இன்புட்டை லைன் என்று மாற்ற மறக்காதீர்கள். மைக் என்று விட்டால் ஒலி கரகரவென்று உடையும். ஒரே மைக்தான் என்றால் இரண்டாவது சேனலில் அதே ஒலியை 10, 12 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்யுங்கள்.

32 பிட் ஃப்ளோட் காப்பாற்றுவது திடீர்க் கத்தலால் லெவல் உடைவதிலிருந்து. அதுவும் உடைசல் கேமராவுக்குள் நடந்தால் மட்டும்தான். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்த ஒலியை எந்தக் கேமராவும் ஒட்ட வைக்காது. பானாசோனிக் ஜிஹெச்7 (2024) தனி எக்ஸ்எல்ஆர் அடாப்டரோடும், நிக்கான் இசட்ஆர் (2025) பாடிக்குள்ளேயும் இதைத் தருகின்றன. மற்றவர்களும் பின்தொடர வேண்டிய வசதிதான்.

கேள்வி: வேகமாக பேன் செய்தால் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால்) தூண்கள் சாய்கின்றன. கேமரா வாங்கும் முன் இதைச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். ரோலிங் ஷட்டர் என்பது சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வரும் சாய்வு; அதன் அளவுகோல் படிக்க எடுக்கும் நேரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுங்குகிற மலிவான எல்இடி பல்பு ஒன்றைக் கொண்டு ஒரு வெள்ளைச் சுவரில் வெளிச்சம் விழச் செய்து, 1/2000 ஷட்டரில் வீடியோ எடுங்கள். சுவரில் கிடைமட்டப் பட்டைகள் தெரியும். ஒரு வெளிச்சப் பட்டையும் ஒரு இருட்டுப் பட்டையும் சேர்ந்தால் 10 மில்லிநொடி. மேலிருந்து கீழ்வரை இரண்டரை ஜோடி என்றால் 25 மில்லிநொடி: பேன் செய்தால் சாயும். ஒரு ஜோடிக்கும் குறைவு என்றால் தைரியமாக வாங்கலாம். 4கே, 6கே, கிராப் மோட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், அளவு மாறும். இந்த ஓர் எண்ணை நிறுவனங்கள் விவரப் பட்டியலில் அச்சிட்டால் இந்தச் சோதனையே வேண்டாம்.

கேள்வி: மைக்ரோ ஹெச்டிஎம்ஐ பின் ஆட்டம் கண்டுவிட்டது.

பதில்: கேபிள் கிளாம்ப் உள்ள கேஜ் (கேமராவைச் சுற்றிய உலோகச் சட்டம்) போடுங்கள், குட்டைக் கேபிள் ஒன்றை நிரந்தரமாக அதில் விட்டு, மறுமுனையில் மட்டும் மாட்டிக் கழற்றுங்கள். ஏ7எஸ் 3, எஸ்5 2, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-ஹெச்2எஸ் எல்லாம் முழு அளவு ஹெச்டிஎம்ஐயை அதே அளவுப் பாடியில் வைத்திருக்கின்றன. இனி மைக்ரோவுக்குச் சாக்கு இல்லை.

கேள்வி: ஒரே ஷூட்டில் கிடைமட்டம், செங்குத்து இரண்டும் கேட்கிறார்கள். ஓப்பன் கேட் (சென்சாரின் முழு உயரத்தையும் பதிவு செய்யும் முறை) அவசியமா?

பதில்: கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண 4கே, 3840க்கு 2160. அதிலிருந்து 9:16 வெட்டினால் அகலம் 1215 பிக்சல்தான். எஸ்5 2-ன் 3:2 ஓப்பன் கேட் 5952க்கு 3968. அதிலிருந்து வெட்டும் செங்குத்துப் படம் 2232க்கு 3968. முழு 4கே செங்குத்துக்கும் மேல். எடுக்கும்போது முகம் நடு மூன்றில் ஒரு பங்கிற்குள் இருக்கட்டும், தலைக்கு மேல் இடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக விடுங்கள். 16:9, 9:16 இரண்டு கோடுகளையும் ஒரே நேரத்தில் திரையில் காட்டும் வசதி எல்லோரிடமும் வர வேண்டும்.

கேள்வி: பதிவின் நடுவில் பேட்டரி கழன்றுவிட்டது. கடைசி கிளிப் திறக்கவில்லை. இரண்டு கார்டிலும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

பதில்: முதலில், அந்தக் கார்டுகளில் இனி எதையும் எடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். எம்பி4, எம்ஓவி கோப்புகளில் படம் முழுக்க எழுதி முடிந்த பிறகே, எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணையைக் கேமரா எழுதும். மின்சாரம் போனதால் அது எழுதப்படவில்லை. படம் இன்னும் கார்டில் இருக்கிறது. முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு அதே கேமராவில் கார்டைப் போட்டு, சரிசெய்யவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பலருக்கு இதிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் கார்டை முழுதாகக் கணினியில் நகல் எடுத்துக்கொண்டு, அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளிடம் உடைந்த கோப்பையும், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த ஒரு நல்ல கிளிப்பையும் கொடுங்கள். நல்ல கிளிப்பைப் பார்த்து அது அட்டவணையைக் கட்டிக்கொள்ளும். செட்டிங் வேறாக இருந்தால் வேலை செய்யாமல் போகலாம்.

இரட்டைக் கார்டு இங்கே உதவாததற்குக் காரணம், இரண்டு கோப்புகளும் ஒரே நொடியில் அட்டவணை இல்லாமல் நின்றுபோனதுதான். கார்டு பழுதானால்தான் அது காப்பு. கணினியில் ஓபிஎஸ் மென்பொருள் 2024-ல் கொண்டுவந்த ஹைப்ரிட் எம்பி4, அட்டவணையை எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானதைத் திறக்கக்கூடிய கோப்பாக விடுகிறது. கேமராவிலும் அதே முறை வந்துவிட்டால் போவது கடைசிச் சில நொடிகள்தான்.