புது ஐஸ்பெட்டி வந்தாச்சு, பழையதை யார் தூக்குவது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. போன வாரம் புது ஐஸ்பெட்டி வாங்கினோம். கொண்டுவந்த ஆட்கள் பழையதை எடுத்துப் போக 80 ரிங்கிட் கேட்டார்கள். சிங்கப்பூரில் என் தங்கை வீட்டில் சும்மாவே எடுத்தார்களாம். விற்ற கடைதானே எடுக்க வேண்டும்? சட்டம் இல்லையா ஐயா?

பதில்: தங்கை சொன்னது உண்மைதான் அம்மா. சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் அது சட்டம். புதுசை வீட்டில் இறக்கும்போது அதே வகைப் பழைய பொருளைக் கொடுத்தால் கடைக்காரர் காசு வாங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும், அதைச் சேகரித்துப் பிரிக்கிற செலவைத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஏற்க வேண்டும்.

இங்கே மலேசியாவில் அப்படி இல்லை. மின்கழிவு 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் எஸ்டபள்யூ 110 என்ற எண்ணில் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்த விதிகள் பிடிப்பது தொழிற்சாலைகளைத்தான், உங்களுக்கு ஐஸ்பெட்டி விற்ற கடையை அல்ல. 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தில் விற்ற பொருளைத் திரும்ப எடுக்கச் சொல்ல அமைச்சருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பினாங்கு அந்தச் சட்டத்தையே ஏற்கவில்லை, அது நடப்பில் இருக்கும் கோலாலம்பூரிலும் வீட்டு மின்சாமான்களுக்கு அப்படி ஓர் உத்தரவு வரவில்லை. விற்கும்போது லாபம் அவர்களுக்கு, தூக்கிப் போடும்போது செலவு நமக்கு. இது நியாயமே இல்லை, சட்டம் மாறியாக வேண்டும்.

அதனால் 80 ரிங்கிட் கேட்டது குற்றமில்லை. ஆனால் ஒன்று பாருங்கள்: கடையின் விளம்பரத்திலோ ரசீதிலோ விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப்பிலோ "பழையதை இலவசமாக எடுத்துக்கொள்வோம்" என்று இருக்கிறதா? இருந்தால் கதையே வேறு. சொன்னதைச் செய்யாமல் காசு கேட்டால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், கோபத்தில் அதை பழைய பேப்பர் லாரிக்காரரிடம் தள்ளிவிட வேண்டாம். எல்லாரும் அப்படியில்லை, ஆனால் பலருக்குத் தேவை செம்பும் கம்ப்ரசரும் மட்டும்தான், குழாயை வெட்டியதும் உள்ளே இருக்கும் கேஸ் அப்படியே காற்றில் போய்விடும், ரொம்பப் பழைய பெட்டி என்றால் அது ஓசோனைத் தின்கிற கேஸாகவும் இருக்கலாம், மிச்சம் கிடக்கிற ஃபோமும் பிளாஸ்டிக்கும் எங்காவது கால்வாய் ஓரத்தில் கிடக்கும். பெட்டியை எடுப்பார்களா என்று மாநகர் மன்றத்திடம் கேளுங்கள், இல்லையென்றால் சுற்றுச்சூழல் துறையிடம் உரிமம் உள்ள சேகரிப்பாளர் யார் என்று விசாரியுங்கள். கடைக்கே 80 ரிங்கிட் கொடுப்பதென்று முடிவு செய்தாலும், பெட்டி எந்த இடத்துக்குப் போகிறது என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.