இனவசைச் சொற்கள் உள்ள பழைய நாவல்களைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாமா?

படிப்பிக்கலாம். ஆனால் எந்த வகுப்புக்கு, யார் படிப்பிக்கிறார் என்று பார்க்காமல் தலையாட்ட மாட்டேன். நான் கிளிநொச்சிப் பக்கம் ஆங்கிலம் படிப்பிக்கிறவன்.

இந்தக் கேள்வி வந்தாலே எல்லாரும் எடுப்பது மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னைத்தான். அமெரிக்காவில் 1885இல் வெளிவந்த அந்த நாவலில் கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கதையைச் சொல்லும் சிறுவன் ஹக்கின் குடிகாரத் தகப்பன் ஒஹாயோவில் இருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரை நினைத்து நினைத்துக் கொதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அவர் அடிமை இல்லை. படித்தவர், தன் ஊரில் வாக்குப் போடக்கூடியவர். அவருக்கும் அதே சொல்தான். சொல்லை மாற்றினால் அந்தக் குடிகாரனுக்கு ஏன் அவ்வளவு வயிற்றெரிச்சல் என்பதே பிள்ளைக்கு விளங்காது.

சரி, இதெல்லாம் எங்களுக்குச் சுலபம். கதை நடக்கிற மிசிசிப்பி ஆறு எங்கேயோ ஓடுகிறது. வன்னிப் பிள்ளை எவரையும் அந்தச் சொல் சுடாது.

இங்கே சுடுகிற சொல் வேறு. 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள், 2009 வரை போரில் நடந்த எல்லாவற்றையும் மற்றவர்களோடு சேர்ந்தே பட்ட வீடுகளின் பிள்ளைகள். ஆனாலும் மைதானத்தில் ஒரு சண்டை வந்தால் ‘தோட்டக்காட்டான்’ என்பதுதான் முதலில் வந்து விழும். அதைக் கேட்டும் கேட்காதது போலப் போன ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். சாதிச் சொற்களும் இப்படித்தான், குரல் மட்டும் கொஞ்சம் தாழும்.

அதனால் என் அளவுகோல் இது: யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வகுப்பில் விரித்து வைக்கத் துணிவில்லாதவர் ஹக்கையும் தொட வேண்டாம். தூரத்து ஊர்க்காரனின் அழுக்கைக் காட்டிவிட்டு அவர் கை கழுவிவிடுவார்.

துணிவு இருந்தால் மட்டும் போதாது. வசைச்சொல் வரும் பத்தியைச் சத்தமாக வாசிக்க விடக்கூடாது. மனதுக்குள் வாசித்தால் போதும். “உங்கட ஆக்களைப் பற்றித்தானே, நீ சொல்லு” என்று ஒரு பிள்ளையை எழுப்பி விடுவதைப்போலக் கொடுமை வேறில்லை. அந்தச் சொல்லை இடைவேளையில் பகிடிக்கு எடுப்பவனை அன்றைக்கே கூப்பிட்டுக் கதைக்க வேண்டும்.

தரம் எட்டு, ஒன்பதுக்கு நான் தரமாட்டேன். தன்னோடு தப்பி வந்த அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கிழித்துப்போடும்போது, நரகத்துக்குப் போகப்போகிறோம் என்றே நம்புகிறான். அடிமையைத் தப்பவிடுவது பாவம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஊர்ப் பெரியவர்கள். ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். சின்னவர்களிடம் வசைச்சொல் மட்டும்தான் தங்கும். ஏ.எல்.லிலும், குறிப்புச் சொல்லிக் கொடுத்துப் பரீட்சைக்கு ஓடுகிற அவசரம் என்றால், வேறு நல்ல கதை ஒன்றைப் படிப்பித்துவிட்டுப் போகலாம்.