இட்லிப்பூச் செடியில் துளிர் வெளுத்தால்...

கேள்வி: மாடித் தொட்டியில் வைத்திருக்கும் இட்லிப்பூச் செடியில் துளிரெல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போட்டும் சரியாகவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.
– வாசகி, தாம்பரம்

பதில்: முட்டை ஓட்டையும் சாம்பலையும் உடனே நிறுத்துங்கள். இது இரும்புச்சத்துக் குறைபாடு. பழைய இலையில் இருக்கும் இரும்பு புதுத் துளிருக்கு நகராது. அதனால்தான் துளிர் வெளுக்கிறது, அடியிலை பச்சையாகவே நிற்கிறது. அடியிலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அது வேறு கணக்கு. இட்லிப்பூவுக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சாம்பலும் முட்டை ஓட்டுச் சுண்ணாம்பும் போரின் உப்புத் தண்ணீரும் சேரச் சேர மண் காரமாகி, இருக்கிற இரும்பும் வேருக்குக் கிடைக்காமல் போகிறது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பைக் கொட்டிப் பயனில்லை, இலைவழியாகக் கொடுங்கள்.

உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட் என்று கேளுங்கள், அன்னபேதி உப்பு அதுதான். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு, 5 கிராம் அன்னபேதியைப் போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள்; உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். 10 நாள் இடைவெளியில் 3 முறை போதும். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். துரு நிறத்துக்கு மாறியதைக் கொட்டிவிடுங்கள், இலை அதை ஏற்காது. தரையில் சொட்டினால் கறை எளிதில் போகாது, அடியில் சாக்கு விரியுங்கள்.

அடுத்த துளிர் பச்சையாக வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். பிறகு மண்ணை மாற்றுங்கள்: செம்மண் 2 பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஆர்.ஓ. கழிவு நீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வரவேற்பறையில் வைத்த குட்டை இட்லிப்பூ தளதளவென்று இருக்கிறது, பூக்கவில்லை. அடிக்கடி வெட்டி உருண்டையாக வைத்திருக்கிறேன்.
– வாசகர், திருச்சி

பதில்: பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டும் கூடவே போய்விடும். ஒரு சுற்று பூத்து வாடியதும் கொத்துக்குக் கீழே 2 கணு விட்டு வெட்டுங்கள், அத்தோடு கத்தரியை வையுங்கள். வெளிச்சமும் போதாது, தினம் 4 மணி நேரமாவது நேர் வெயில் படும் கிழக்கு பால்கனிக்கு மாற்றுங்கள். அறையில் இருந்த செடியை ஒரேயடியாக வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் நிழல்வலையின் கீழ் பழக்குங்கள்.