கத்திக் கதை வேண்டாம், பிள்ளை

கேள்வி: தொழில்நுட்பம் வளர வளர மனிதர்களிடம் அறம் குறைந்துகொண்டே போகிறது. இரண்டையும் எப்படிச் சமப்படுத்துவது? உலக சமாதானத்துக்காக எங்கள் தலைமுறையின் மனதில் எதை விதைக்க வேண்டும்? பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்கிறேன், விளக்கமாகச் சொல்லவும்.
– உயர்தர மாணவி, மல்லாவி

பதில்: பிள்ளை, விதைக்கிறது என்று நீர் எழுதினதும் எனக்குப் பேச்சுப்போட்டி மறந்து காலபோக நெல் விதைப்புத்தான் ஞாபகம் வந்தது. விதைப்பு என்றால் யூரியா. காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கலாம் என்று 1909இல் செய்துகாட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜேர்மன்காரர். உம்முடைய ஊர்க் கமக்காரர் வயலுக்கு எறிகிற யூரியா அந்த அமோனியாவிலிருந்துதான் வருகிறது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்கு வெடிமருந்து கிடைத்ததும் அதிலிருந்துதான். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்களே, அந்த வேலையை முன்நின்று நடத்தியவரும் இதே ஹேபர்தான். 1918ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசும் அவருக்கே போனது.

அதே யூரியாவை, வெடிமருந்தாகிவிடும் என்று தொண்ணூறுகளில் சண்டை நடந்த வன்னிக்குள் அரசாங்கம் வரவிடவில்லை. பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம் நாங்கள். (2021இல் நாடு முழுவதற்குமே இரசாயன உரத்தைத் தடைசெய்து, வருடம் முடிவதற்குள் தடையை எடுத்ததும் உமக்கு நினைவிருக்கும். அந்தக் காலபோகத்தில் பட்ட நட்டத்துக்கு இன்னும் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.) ஆகவே தொழில்நுட்பம் கூடினதால் அறம் குறைந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கையில் போன் இல்லாத அந்தக் காலத்தில்தான் எங்கள் தலையில் செல் குண்டு விழுந்தது.

சரி, இனி என் பழைய சண்டைக்கு வருகிறேன். பரிசளிப்பு விழா மேடைகளில் ஒரு பேச்சு உண்டு: தொழில்நுட்பம் கத்தி போன்றது, மரக்கறியும் வெட்டலாம், கழுத்தும் வெட்டலாம், பிடிக்கிற கையில்தான் எல்லாம் இருக்கிறது. வருடக்கணக்காக இதை எதிர்த்து எழுதிவருகிறேன், மேடைகளில் வாக்குவாதப்பட்டும் இருக்கிறேன். மிதிவெடியை எந்தக் கை பிடிக்கிறது? புதைத்தவன் போய்விடுவான், செத்தும் போயிருப்பான், அது மட்டும் கிடக்கும். இங்கே இராணுவம், புலிகள் என்று இரண்டு தரப்பும் புதைத்தன. உள்நாட்டுச் சண்டை 2009 மே மாதம் முடிந்தது, ஆனால் பழைய போர்முனையான முகமாலையில் அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேலாக மிதிவெடி எடுத்தார்கள். முகத்துக்குக் கவசம் போட்டு, வெயிலில் முழங்காலில் இருந்து, நிலத்தைச் சாண் சாணாகக் கிளறி எடுத்தவர்களில் எத்தனையோ பேர் பெண்கள், அதிலும் குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள். விறகுக்குப் போகிற பிள்ளைக்கும், மேய்கிற மாட்டுக்கும், ஆமிக்காரனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றைத் திட்டம் போட்டுத்தான் செய்தார்கள். அதை நல்ல மனதோடு பாவிப்பது எப்படி என்று எந்த நீதிநூலைப் படித்தும் கற்றுக்கொள்ள முடியாது. அதைச் செய்யாமல் விடுவது ஒன்றுதான் வழி.

அப்படி விடவும் முடியும் என்று உலகம் ஒருமுறை காட்டியிருக்கிறது. 1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கி, 1997இல் ஒட்டாவாவில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் நாடுகளைக் கையெழுத்து வைக்கப் பண்ணினார்கள், அந்த வருடச் சமாதான நோபல் பரிசும் அவர்களுக்கே. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா இன்றுவரை சேரவில்லை. இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது, அதுவும் சண்டை முடிந்து எட்டு வருடம் கழித்து. இப்போது என்னடாவென்றால் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஐந்தும் ரஷ்யாவுக்குப் பயந்து 2025இல் அந்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதென்று முடிவெடுத்துவிட்டன. அவர்களுடைய பயம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாடுகளின் மந்திரிமாரை ஒருநாள் முகமாலைக்குக் கூட்டிவந்து, அந்தப் பெண்களோடு இருத்திப் பேசவைக்க எனக்கு ஆசை.

உங்கள் தலைமுறையின் மிதிவெடி வேறு. யாரைக் கொல்வது என்று மனிதனைக் கேட்காமல் தானே தீர்மானிக்கிற ஆயுதம் அது. அதைப் பற்றி உடனே கவனமெடுக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவு, ரஷ்யாவும் இந்தியாவும் உட்பட 4 நாடுகள் எதிர்ப்பு. இந்த ஆயுதத்தைச் செய்யப்போகிறவர்கள் உம்மைப்போலக் கணிதமும் பௌதிகமும் படிக்கிற பிள்ளைகள்தான். செய்யமாட்டேன் என்று விலகவும் அவர்களால் முடியும். ஜோசப் ரொட்பிளாட் என்ற பௌதிகவியலாளர், ஜேர்மனி அணுகுண்டு செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும், 1944இல் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தை விட்டு வெளியே போனார். அவருக்குச் சமாதான நோபல் கிடைத்தது 1995இல்.

ஆகவே பேச்சுப்போட்டியில் பொதுவாக உலக சமாதானம் என்று தொடங்காதேயும். அந்த நான்கு நாடுகளும் எதற்காக எதிர்த்து வாக்களித்தன என்று தேடிப் படித்து, அதைக் கேள்வியாக மேடையில் வையும். தலைப்புக்கு வெளியே போய்விட்டீர் என்று நடுவர் புள்ளி குறைத்தால் பேச்சை எனக்கு அனுப்பும், ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.