வாங்கின விலைக்கு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 ரூபாய் தேவை. நான்கு வருடம் முன்பு 340 ரூபாய் வீதம் வாங்கிய 500 பங்குகள் இன்று 118 ரூபாயில் நிற்கின்றன. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும் லாபத்தில் இருக்கிறது. "ஃபண்டை எடு, பங்கு வாங்கின விலைக்கு வரட்டும்" என்கிறார் கணவர். எதை விற்பது? - வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு பங்கை இதே வசனத்தோடு ஆறு வருடம் கட்டிக்கொண்டு அழுதவன்தான்.

340 என்பது உங்கள் டீமேட் கணக்கில் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) மட்டும் இருக்கும் எண். அந்த நிறுவனத்தின் விற்பனைக்கும் கடனுக்கும் அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நம் மனது லாப நஷ்டத்தை அந்த எண்ணிலிருந்துதான் அளக்கிறது. 1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதியது இதைத்தான்: வந்த லாபம் தரும் சந்தோஷத்தைவிட, அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது. விற்காதவரை அது நஷ்டமே இல்லை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இதற்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் ஒரு புரோக்கரிடம் இருந்த 10,000 கணக்குகளை நிதித்துறை ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார். லாபப் பங்குகளைச் சட்டென்று விற்றார்கள், நஷ்டப் பங்குகளைப் பிடித்துக்கொண்டார்கள். விற்ற லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவிகிதப் புள்ளிகள் கூடுதலாக ஏறின. டிசம்பரில் மட்டும் கதை மாறியது. அங்கே வரி ஆண்டு டிசம்பரோடு முடிவதால், வரியைக் குறைக்க நஷ்டப் பங்குகளை விற்றார்கள். காரணம் கையில் கிடைத்தால் மனது சம்மதிக்கிறது, பாருங்கள்!

உங்களுக்கும் அந்தக் காரணம் இருக்கிறது. நான்கு வருடம் வைத்திருந்ததால், இப்போது விற்றால் வரிக் கணக்கில் இது நீண்டகால மூலதன நஷ்டம், 1,11,000 ரூபாய். கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், 8 ஆண்டுகள் வரை நீண்டகால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இன்று இரவு கணவரிடம் ஒன்று கேளுங்கள்: கையில் 59,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால், இதே பங்கை 118-க்கு வாங்குவாரா? காரணம் சொல்லி "வாங்குவேன்" என்றால் வைத்திருங்கள். "340 வரும்" என்பது காரணம் ஆகாது. அதற்கு விலை ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். தயங்கினால் பங்கை விற்றுவிட்டு ஃபண்டை விட்டுவையுங்கள். குறையும் ஆயிரம் சொச்சத்தைச் சேமிப்புக் கணக்கிலிருந்து போட்டுக்கொள்ளலாம். ஆவரேஜ் செய்கிறேன், அதாவது வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மட்டும் மேலும் வாங்கிவிடாதீர்கள்.

விற்ற பணம் அடுத்த வேலை நாளில் டிரேடிங் கணக்குக்கு வரும். வங்கிக்கு மாற்ற இன்னும் ஓரிரு நாள் ஆகலாம், அதையும் கணக்கு வைத்துக் கட்டணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே விற்றுவிடுங்கள்.