சுறா பார்க்க எப்போது போகலாம்?

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் என் தம்பியும் நானும் ஸ்கூபா பயிற்சி முடித்து ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். பெரிய சுறாக்களைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தூரமே போக வேண்டாம். டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸிலிருந்து படகேறினால் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டு. ஜூன் வாக்கில் தொடங்கும் நம் குளிர்காலத்திலிருந்து ஏறக்குறைய நவம்பர் வரை ராகட்-டூத் சுறாக்கள் அங்கே இனச்சேர்க்கைக்காகக் கூடும். பல்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு பயங்கரமாகத் தெரியும், ஆனால் சாதுவான பிராணி, நீங்கள் துரத்தாமல், குகை வாயை மறிக்காமல் இருந்தால் மெதுவாகப் பக்கத்திலேயே நீந்திப் போகும். அதே மாதங்களில் கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் அந்த வழியாகப் போகும், நீருக்கடியில் அவற்றின் பாட்டுக் கேட்டால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை.

ஒரு விஷயம். உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம்தான் அளவு, அலிவால் ஷோலில் கதீட்ரல் என்ற இடம் ஏறக்குறைய 27 மீட்டர் ஆழம். அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலைப் பயிற்சியை முடித்துவிட்டே அங்கே இறங்குங்கள். சுறா பார்க்க இன்னொரு இடமான, ஷெல்லி பீச் பக்கம் உள்ள புரோட்டியா பேங்க்ஸ் இன்னும் ஆழம், நீரோட்டமும் பலம், இப்போதைக்கு வேண்டாம்.

ரப்பர் படகு அலையை உடைத்துக்கொண்டுதான் கடலுக்குள் போகும், குமட்டல் வரும், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள்.

அப்புறம் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டைவ் முடிந்த அன்றே காரில் ஊர் திரும்பக் கூடாது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டைவின்போது உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கிவிடலாம். விமானம் என்றாலும் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும், ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகட்டும்.